டாங்கில் எழுதிய பெயரும் வண்டியைச் செய்த கையும்

(ஓசூரில் மோட்டார் ஆலைத் தொழிலாளர்களும் மெக்கானிக்குகளும் கூடிய கூட்டத்தில் ஒரு மெக்கானிக் தோழர் ஆற்றிய உரை)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் இதுதான்: அமெரிக்கப் பெயர் போட்ட மோட்டார் சைக்கிளை வேறொரு நாட்டில் செய்தால், அதை வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

"அமெரிக்கக் கம்பெனியின் வியாபாரக் கவலை அது. அதைப் பற்றி நாம் ஏன் ஓசூரில் உட்கார்ந்து பேச வேண்டும்?" என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனியும் டி.வி.எஸ். கம்பெனியும் 2013-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி ஜெர்மன் பெயர் தாங்கிய ஜி 310 வண்டிகள் இந்த ஊரில் செய்யப்பட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அங்கே கடைக்கு வருகிறவர் "இது எங்கே செய்த வண்டி?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் மறுமுனையில் நிற்பது நாம்தான்.

சில வருஷங்களுக்கு முன் என் ஒர்க்ஷாப்புக்கு ஒரு வாலிபர் அந்த வண்டியோடு வந்தார். "ஜெர்மன் வண்டி அண்ணே, பார்த்துக் கழட்டுங்க" என்றார். பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான். "எங்க மாமா பூட்டின வண்டிங்க இது. இங்கேயிருந்து நாலு மைல் கூட இருக்காது" என்றான். வந்தவரின் முகம் வாடிவிட்டது. வண்டி ஒன்றும் மாறவில்லை. அதே என்ஜின், அதே பிரேக். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பெருமையாக இருந்தது, ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் குறைவாகிவிட்டது. ஏன்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பெயருக்கு வந்த மவுசு

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் ஹார்லி-டேவிட்சன். 1903-ல் விஸ்கான்சின் ராஜ்யத்து மில்வாக்கி நகரில் பிறந்த கம்பெனி. அதன் வண்டியை வாங்குகிறவர்கள் வண்டியை மட்டும் வாங்குவதில்லை. அந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள். கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். "அமெரிக்கத் தொழிலாளி அமெரிக்க மண்ணில் செய்த வண்டி" என்பது அவர்களுடைய பெருமையில் ஒரு பங்கு.

இந்தப் பெருமையை நான் கேலி செய்ய மாட்டேன். தன் ஊர்க்காரன் செய்த பொருளை வாங்க வேண்டும் என்று ஒருவன் நினைப்பது தவறா? இல்லை. அதில் நல்ல உணர்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த உணர்ச்சியை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெருமை மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்குக் கம்பெனியின் சொந்த வரலாறே சாட்சி. 1969-ல் ஏ.எம்.எஃப். என்ற பெரிய ஸ்தாபனம் ஹார்லியை விலைக்கு வாங்கியது. சில வருஷங்களுக்குள் உற்பத்தியை மடங்கு மடங்காகப் பெருக்கியது. வேகம் கூடியது, தரம் விழுந்தது. வண்டி நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டும் என்ற கெட்ட பெயர் வந்தது. அந்த வண்டிகள் எங்கே செய்தவை? அமெரிக்காவில்தான்! செய்தவர்கள் அமெரிக்கத் தொழிலாளிகள்தான். ஆனாலும் வாங்குகிறவர்கள் கூட்டம் கூட்டமாக ஜப்பான் வண்டிக்குப் போனார்கள். பிறந்த மண் அந்த வண்டியைக் காப்பாற்றவில்லை.

1981-ல் 13 அதிகாரிகள் சேர்ந்து கம்பெனியைத் திரும்ப வாங்கினார்கள். 1983-ல் ஜனாதிபதி ரீகன் 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகள் மீதான வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். ஐந்து வருஷத்தில் படிப்படியாகக் குறையும் ஏற்பாடு அது. ஜப்பான் கம்பெனிகள் என்ன செய்தன? 750 சி.சி. என்ஜின்களை 700-க்குக் கீழே சுருக்கிக் கப்பலேற்றின. ஹோண்டாவோ ஏற்கனவே ஓஹியோ ராஜ்யத்து மேரிஸ்வில்லில் ஆலை போட்டிருந்தது. அதன் பெரிய வண்டியான கோல்டு விங் 1980 முதல் 2009 வரை அங்கேதான் செய்யப்பட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். ஓஹியோத் தொழிலாளி செய்த கோல்டு விங்குக்குப் பெயர் ஜப்பான் வண்டி. ஜப்பானிய ஷோவா கம்பெனியின் முன் போர்க்கும் ஜப்பானியக் கெய்ஹின் கார்புரேட்டரும் பூட்டிய ஹார்லிக்குப் பெயர் அமெரிக்க வண்டி! இரண்டையும் அமெரிக்கர்கள் வாங்கினார்கள், இரண்டையும் நேசித்தார்கள். அப்படியானால் வண்டிக்குத் தேசம் எங்கே இருக்கிறது? டாங்கிலா, போர்க்கிலா, அல்லது ஸ்பானரைப் பிடித்த கையிலா?

முன்னரே நடந்த சோதனைகள்

அமெரிக்கப் பெயரை வெளிநாட்டு வண்டியில் ஒட்டிப் பார்ப்பது நேற்று வந்த யோசனை அல்ல. இரண்டு பழைய கதைகளைச் சொல்கிறேன்.

1960-ல் ஹார்லி கம்பெனி இத்தாலியில் வாரேசே நகரத்து ஏர்மாக்கி ஆலையில் பாதிப் பங்கை வாங்கியது. அங்கே செய்த சிறிய வண்டிகள் ஹார்லி பெயரோடு அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்டன. அவை மட்டமான வண்டிகள் அல்ல. அந்த ஆலையின் பந்தய வண்டிகளில் வால்டர் வில்லா என்ற இத்தாலிய வீரர் 1974 முதல் 1976 வரை நான்கு உலகப் பட்டங்களை வென்றார். டாங்கில் இருந்த பெயர் ஹார்லி-டேவிட்சன்! ஆனாலும் வியாபாரம் நிலைக்கவில்லை. 1978-ல் ஆலையை விற்றுவிட்டார்கள்.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் "இந்தியன்" என்று ஒரு கம்பெனி. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். 1901-ல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் தோன்றிய அசல் அமெரிக்கக் கம்பெனி அது. 1953-ல் அதன் ஆலை நின்றது. பெயரை வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1955 முதல் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளைக் கொண்டுவந்து, டாங்கில் "இந்தியன்" என்று எழுதி விற்றார்கள். ஐந்தாறு வருஷங்களில் அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியிருந்தது ஒன்று, அவருக்குக் கொடுக்கப்பட்டது வேறொன்று. பெயர் மட்டுமே பழையது.

அதே 1955-ல் அதே ராயல் என்ஃபீல்டு சென்னையிலும் கால் வைத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்து புல்லட் வண்டியைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பாகங்களையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்து ஆலைக்கு மூடுவிழா நடந்தது. திருவொற்றியூர்த் தொழிலாளி நிறுத்தவில்லை. 1977-ல் நம்மவர்கள் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. 2016-ல் அந்தக் கம்பெனி ஹார்லியின் சொந்த ஊரான மில்வாக்கியிலேயே கடை திறந்தது!

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரே இரவில் பெயர்ப் பலகையை மாற்றினார்கள்; வாங்குகிறவர் மனம் ஒப்பவில்லை. சென்னையில் அதே வண்டியை, அதே பெயரில், வருஷக்கணக்காகக் கைத்திறமையோடு செய்துவந்தார்கள். கடைசியில் பிறந்த நாட்டுக்காரரே வந்து வாங்கினார். வாங்குகிறவர் எதிர்ப்பது வெளிநாட்டுக் கையை அல்ல, தம்மை ஏமாற்றுவதைத்தான்.

2018-ல் நடந்தது என்ன?

இனி நம் காலத்துக்கு வருவோம். ஹார்லி கம்பெனி 2006-ல் ஏறத்தாழ 3,49,000 வண்டிகளை ஆலையிலிருந்து அனுப்பியது. 2024-ல் அது ஏறத்தாழ 1,50,000-க்கு இறங்கிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களுக்கு வயதாகிறது. வாலிபர்களுக்கு விலை எட்டவில்லை. சந்தை உள்ளூரில் சுருங்கியதும் கம்பெனி கடலுக்கு அப்பால் பார்த்தது.

2017-ல் தாய்லாந்தின் ராயோங் மாகாணத்தில் ஆலை போடப்போவதாக அறிவித்தது. தாய்லாந்தில் இறக்குமதி வண்டிக்கு வரி 60 சதவீதம் வரை இருந்தது. அங்கேயே செய்தால் அந்த வரி இல்லை, அண்டை நாடுகளுக்கும் சலுகையோடு அனுப்பலாம். இது கம்பெனி சொன்ன காரணம்.

2018 ஜனவரியில் இன்னொரு அறிவிப்பு வந்தது. மிசௌரி ராஜ்யத்தில் கான்சாஸ் சிட்டி ஆலை மூடப்படும். அங்கே வேலை பார்த்த ஏறத்தாழ 800 பேருக்கு வேலை போகும். "எங்கள் வேலை தாய்லாந்துக்குப் போகிறது" என்றார்கள் தொழிலாளிகள். "இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை" என்றது கம்பெனி. 1998-ல் திறந்த ஆலை 2019-ல் மூடப்பட்டது.

அதே 2018-ல் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு இரும்பு, அலுமினியத்தின் மீது வரி போட்டது. பதிலடியாக ஐரோப்பிய யூனியன் அமெரிக்க மோட்டார் சைக்கிள் மீதான வரியை 6 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக உயர்த்தியது. வண்டிக்குச் சராசரி 2,200 டாலர் செலவு கூடும் என்று கணக்குச் சொன்னது கம்பெனி. அந்தச் சுமையை வாங்குகிறவர் தலையில் வைத்தால் வியாபாரம் படுத்துவிடும்; ஆகவே ஐரோப்பாவுக்கு வேண்டிய வண்டிகளை அமெரிக்காவுக்கு வெளியே செய்வோம் என்று அறிவித்தது.

உடனே ஜனாதிபதி டிரம்ப் சீறினார். ஹார்லியை அவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாராட்டி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. 2018 ஆகஸ்டில், உற்பத்தி வெளியே போனால் அந்த வண்டியைப் பகிஷ்கரிப்போம் என்று சொன்ன வாடிக்கையாளர்களை மெச்சிக்கொண்டார். வரியைப் போட்டவர் அவர், அதன் விளைவுக்காகக் கோபித்துக்கொண்டவரும் அவரே! கான்சாஸ் சிட்டித் தொழிலாளிக்கு இந்தக் கோபத்தால் வேலை திரும்பி வந்ததா? வரவில்லை.

சுங்க இலாகா சொன்ன தீர்ப்பு

இந்தக் கதையில் ஒரு விசேஷமான திருப்பம் இருக்கிறது. தாய்லாந்தில் செய்த வண்டி ஐரோப்பாவுக்கு வந்தது. இது எந்த நாட்டு வண்டி? 2019-ல் பெல்ஜியம் நாட்டுச் சுங்க இலாகா "தாய்லாந்து வண்டி" என்று சான்று கொடுத்தது. பழைய 6 சதவீத வரியோடு வண்டி உள்ளே போனது. 2021-ல் ஐரோப்பிய கமிஷன் தலையிட்டு அந்தச் சான்றை ரத்து செய்ய வைத்தது. "வரியைத் தவிர்ப்பதற்காகவே இடம் மாற்றியிருக்கிறீர்கள். ஆகவே இது அமெரிக்க வண்டிதான்" என்பது அதன் வாதம். கம்பெனி வழக்குக்குப் போனது. 2023-ல் தோற்றது. 2024 நவம்பரில் ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது.

அமெரிக்காவில் சிலர் "தாய்லாந்தில் செய்தால் அது அமெரிக்க வண்டி ஆகாது" என்கிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றமோ "தாய்லாந்தில் செய்தாலும் வரி விஷயத்தில் இது அமெரிக்க வண்டிதான்" என்கிறது. கம்பெனியோ விற்கும்போது அமெரிக்கன், வரி கட்டும்போது தாய்லாந்துக்காரன். ராயோங்கில் அந்த வண்டியைப் பூட்டிய தொழிலாளியை இதில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நம் நாட்டு அனுபவம்

இந்தியாவிலும் இந்தச் சோதனை நடந்தது. 2011-ல் ஹரியானாவின் பாவல் என்ற இடத்தில் ஹார்லி ஆலை திறந்தது. பிறகு ஸ்ட்ரீட் 750 என்ற வண்டியை அங்கே செய்தார்கள். அதே வண்டி அமெரிக்காவில் விற்பதற்கு மட்டும் கான்சாஸ் சிட்டியில் செய்யப்பட்டது. இதன் பொருள் என்ன? இந்தியத் தொழிலாளி செய்தது உலகத்துக்கு ஆகும். அமெரிக்கக் கடைக்கு மட்டும் அமெரிக்காவில் செய்தது வேண்டும். வாங்குகிறவரிடம் கேட்பதற்கு முன்பே கம்பெனி அவருக்காக முடிவு செய்துவிட்டது.

2020 செப்டம்பரில் பாவல் ஆலையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மில்வாக்கியிலும் கான்சாஸ் சிட்டியிலும் பார்த்த அதே காட்சி ஹரியானாவில்! அடுத்த மாதமே ஹீரோ கம்பெனியோடு ஒப்பந்தம். 2023 ஜூலையில் ராஜஸ்தானில் ஹீரோ செய்யும் எக்ஸ் 440 வண்டி 2,29,000 ரூபாய் ஆரம்ப விலையில் வெளிவந்தது. சில வாரங்களில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டினார்கள். இந்திய வாடிக்கையாளர் "மில்வாக்கியில் செய்ததா?" என்று கேட்கவில்லை. தம் கைக்கு எட்டும் விலை, தம் சாலைக்கு ஏற்ற வண்டி, பக்கத்தில் பழுது பார்க்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்தார்.

கடைசியாக 2024-ல் அமெரிக்க வாடிக்கையாளருக்கே சோதனை வந்தது. 2025 மாடலில் சில வண்டிகளை, அமெரிக்காவில் விற்பதற்கென்றே, தாய்லாந்தில் செய்யும் திட்டம் வெளியாயிற்று. மெஷினிஸ்டுகள் சங்கமும் எஃகுத் தொழிலாளர் சங்கமும் அதைக் கண்டித்தன. பாவல் காலத்தில் கம்பெனி பயந்து தொடாமல் விட்ட கோட்டை இப்போது தாண்டினார்கள்.

ஆக, ஏற்றுக்கொள்வார்களா?

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வண்டி நன்றாக இருந்தால், விலை நியாயமாக இருந்தால், உதிரி பாகம் கிடைத்தால், எங்கே செய்தது என்பதை ஒளிக்காமல் சொன்னால், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் வண்டிகள் எத்தனையோ வருஷமாகத் தாய்லாந்தில் செய்யப்படுகின்றன, இங்கிலாந்துக்காரர்களே வாங்குகிறார்கள். வெறும் பெயரை மட்டும் விற்க வந்தால், 1955-ல் "இந்தியன்" வாடிக்கையாளர் செய்ததையே செய்வார்கள்.

ஆனால், தோழர்களே, கேள்வி அதோடு முடியவில்லை. "வாங்குகிறவர் ஏற்பாரா?" என்று மட்டும் கேட்பது கடைக்காரரின் கேள்வி. "செய்கிறவர் கதி என்ன?" என்பது நம் கேள்வி.

2009-ல் பென்சில்வேனியாவின் யார்க் ஆலையில் என்ன நடந்தது? "சம்மதிக்காவிட்டால் ஆலை கென்டக்கி ராஜ்யத்துக்குப் போய்விடும்" என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கியது. தொழிலாளிகள் ஏராளமான வேலைகளை இழக்கும் ஒப்பந்தத்துக்கு வாக்களித்தார்கள். 2010-ல் மில்வாக்கியிலும் இதே கதை. ஏழு வருஷ ஒப்பந்தம், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே குறைந்த கூலிக்குத் தற்காலிகத் தொழிலாளி. கென்டக்கி வெளிநாடா? இல்லையே! மிரட்டுவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. "வேறு இடம்" என்ற ஒரு சொல் போதும்.

நம் பக்கத்திலும் பார்த்தோம். திருவொற்றியூரில் வேர் விட்ட அதே ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலையில் 2018-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகமெல்லாம் புகழும் வண்டியைச் செய்தவர்கள் சங்கம் வைத்துப் பேசும் உரிமைக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதால் தொழிலாளி வாழ்வு தானாகச் சீர்படுவதில்லை.

மில்வாக்கித் தொழிலாளி நமக்கு எதிரி அல்ல. ராயோங்கில் இருப்பவர் அவருக்கு எதிரி அல்ல. ஓசூர்க்காரன் ஜெர்மன் தொழிலாளியின் சோற்றைப் பறித்தவன் அல்ல. பெயர் கம்பெனிக்குச் சொந்தம். அதை எந்த ஊருக்கும் ஒரே கையெழுத்தில் கொண்டுபோகலாம். திறமை நமக்குச் சொந்தம். அதை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெயருக்கு மவுசு கொடுத்ததே இந்தத் திறமைதான். எண்ணெய் சொட்டிய காலத்தில் பெயர் என்ன பாடுபட்டது என்று பார்த்தோமே!

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? ஓர் ஊரில் கூலியைக் குறைத்து இன்னோர் ஊரை மிரட்டும்போது, இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் செய்தியை ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கான்சாஸ் சிட்டியில் ஆலை மூடியபோது பாவலில் இருந்தவர்களுக்கு அது தங்கள் செய்தி என்று தெரியவில்லை. ஒரே வருஷத்தில் தெரிந்துவிட்டது. ஓசூரில் உட்கார்ந்து நாம் இன்று மில்வாக்கியைப் பற்றிப் பேசியது அதற்காகத்தான்.

அந்த வாலிபரின் கதையை முடித்துவிடுகிறேன். வண்டியைச் சரி செய்து கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்தார். "நல்லாத்தான் ஓடுது அண்ணே" என்றார். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு, "உங்க மாமாவுக்கு என்னப்பா சம்பளம் கொடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

முதல் தடவையாக அவர் சரியான கேள்வியைக் கேட்டார், தோழர்களே. வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். செய்கிற ஒவ்வொருவரும் அதற்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்லும் நிலை வரட்டும்.